வெளியுறவுப் பணி பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், 19-ம் நூற்றாண்டில் ரஷ்யாவின் வெளியுறவு அமைச்சராக இருந்த கோர்ச்சகோவைப் பற்றிப் படித்துவிட்டு ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) எழுதப்போவதாகச் சொல்கிறாள். "அவர் இளவரசர், நமக்கு ஏது சார் அந்த வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இளவரசர்தான். 1798-ல் பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்த அலெக்சாந்தர் கோர்ச்சகோவ், 1811-ல் சார்ஸ்கோயே செலோவில் திறக்கப்பட்ட அரசுப் பள்ளியின் முதல் வகுப்பு மாணவர். அங்கே இடம் கிடைக்கக் குலம் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. கவிஞர் புஷ்கின் அவருடைய வகுப்புத் தோழர். 1817-ல் இருவருமே வெளியுறவுத் துறையில் சேர்ந்தார்கள். படிப்பில் பதக்கம் வாங்கிய கோர்ச்சகோவ் அங்கேயே நிலைத்தார். பட்டியலின் கடைசி வரிசையில் தேறிய புஷ்கின் என்ன ஆனார் என்பது உலகத்துக்கே தெரியும். மார்க்கை வைத்து ஆளை எடைபோடும் உறவினர் யாராவது வந்தால் சொல்லுங்கள்.

ஆனால் குலம் அவருக்குக் கதவைத்தான் திறந்துவிட்டது. லண்டன், ஃபுளோரன்ஸ், வியன்னா என்று இரண்டாம் நிலைப் பதவிகளிலேயே ஆண்டுகள் ஓடின. அப்போதைய வெளியுறவு அமைச்சர் நெசல்ரோடேயுடன் ஒத்துப்போகவில்லை. 1838-ல் வேலையை விட்டார். 1841-ல் திரும்பி வந்தபோது கிடைத்தது ஸ்டுட்கார்ட், வுர்ட்டெம்பெர்க் என்ற சிறிய ராஜ்யத்தின் தலைநகரம். அங்கே பத்தாண்டுகளுக்கு மேல். வெளியுறவு அமைச்சரானது 1856-ல், 57 வயதில்! உங்கள் மகளை முதலில் யோசிக்கச் சொல்ல வேண்டியது இந்த நடுப்பகுதியைத்தான். பெயர் தெரியாத ஊரில், மேலதிகாரிக்குப் பிடிக்காத நிலையில் வேலை பார்க்கும் மனம் இருக்கிறதா? வீட்டு விசேஷம் பலவற்றுக்கு வர முடியாது என்பதை நீங்களும் ஏற்க வேண்டும்.

அவர் எதை வைத்து ஜெயித்தார்? பேனாவை வைத்து. கிரிமியப் போரில் தோற்ற ரஷ்யா கருங்கடலில் போர்க்கப்பற்படை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1856 பாரிஸ் உடன்படிக்கை விதித்தது. ரஷ்யா முறைத்துக்கொண்டிருக்கிறது என்று ஐரோப்பா பேசியபோது, முறைக்கவில்லை, தன்னைத் திரட்டிக்கொள்கிறது என்று தூதரகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பிறகு 14 ஆண்டுகள் காத்திருந்தார். அந்த உடன்படிக்கையை விதித்த நாடுகளில் ஒன்றான பிரான்ஸ் 1870-ல் பிரஷ்யாவிடம் அடிவாங்கியதும், அக்டோபரில் இன்னொரு சுற்றறிக்கை: அந்த விதி இனி எங்களைக் கட்டுப்படுத்தாது. அடுத்த ஆண்டு லண்டன் மாநாடு அதை ஒப்புக்கொண்டது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. காகிதம், காலம், மொழி மூன்றும்தான் இந்தத் தொழிலின் ஆயுதம். (நாற்காலியை விடாமல் 80 வயதில் பெர்லின் மாநாடு வரை போனது அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை என்பது என் கருத்து.)

இப்போது நம் விஷயம். இங்கே பெரிய வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. யூ.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுதான் வழி, ஏதாவது ஒரு பட்டம் போதும். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆங்கிலத் தாளில் தேர்ச்சி மட்டும் வேண்டும். ஆனால் இடங்கள் குறைவு. ஐ.எஃப்.எஸ்.ஸை விருப்பத்தில் முதலில் போட்டாலும் ரேங்க் நன்றாக இருந்தால்தான் கிடைக்கும். சேர்ந்தபின் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும். அதனால் இது ஒன்றையே நம்பி உட்கார வேண்டாம். சர்வதேச உறவுகளில் எம்.ஏ. விண்ணப்பமும் கூடவே போகட்டும், படிப்பு தேர்வுக்கும் உதவும்.

கோச்சிங்குக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். தினமும் ஒரு வெளிநாட்டுச் செய்தியைப் பத்து வரியில் சுருக்கி, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதட்டும். ஒரு மாதம் எழுதிய பிறகும் அலுக்கவில்லை என்றால், அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள். விருப்பப் பாடம் எது என்பதை அப்புறம் பேசலாம்.