எல்லையில் கணவர், ஊரில் மனைவி: அவர் ஓட்டை யார் போடுவது?

கேள்வி: கணவர் ராணுவத்தில் ஹவில்தார், ராஜஸ்தானில் பணி. போன தேர்தலில் ஓட்டு எண்ணிக்கைக்கு முந்தின நாள்தான் அவரால் தபால் ஓட்டை அனுப்ப முடிந்தது. நான் மாமியாரோடு வேலூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறேன். அவருக்காக நான் ஓட்டுப் போடலாமா? என் பெயரையும் சேவை வாக்காளராக (படையினருக்கான தனிப் பட்டியலில்) சேர்க்கலாமா?

பதில்: போடலாம். முப்படையினரும், ராணுவச் சட்டம் பொருந்தும் படைகளில் இருப்பவர்களும் ஊரில் ஒருவரைப் பதிலாளாக நியமிக்கலாம். அவர் அந்தத் தொகுதியில் வசிப்பவராகவும் 18 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். இதற்குப் படிவம் 13-எஃப். கணவர் தன் கமாண்டிங் ஆபீசர் முன்னால் கையெழுத்திட்டு உங்களுக்கு அனுப்புவார். நீங்கள் நோட்டரி அல்லது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட்டு, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்க்க வேண்டும். வேட்புமனுவுக்கான கடைசி நாளுக்குமுன் அது அவர் கைக்குப் போய்விட வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கினால் நாள் போதாது. கணவர் அடுத்த லீவில் வரும்போதே இருவரும் நோட்டரியிடம் போய் முடித்துவிடுங்கள். ஒருமுறை நியமித்தால், படிவம் 13-ஜி கொடுத்து ரத்து செய்யும்வரை செல்லும். வாக்குச்சாவடியில் உங்கள் சொந்த ஓட்டுக்கு இடது ஆள்காட்டி விரலில் மை, அவர் ஓட்டுக்கு இடது நடுவிரலில்.

ஆனால் பதிலாள் வைத்தால் தபால் ஓட்டு வராது; லீவில் ஊருக்கு வந்திருந்தாலும் அவரால் நேரில் போட முடியாது. ஓட்டின் ரகசியமும் உங்களோடு பங்காகிவிடும். இதற்கு அவர் மனதார ஒப்பினால் மட்டும் செய்யுங்கள்.

தபாலையே விரும்பினால், எங்கே தவறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2016-இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் தொடங்கிய முறைப்படி வாக்குச்சீட்டு இணையத்தில் வந்துவிடுகிறது. திரும்பிப் போவது மட்டும் தபாலில். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் சேராத கவர் திறக்கப்படாது. எனவே அச்செடுத்த அன்றே அனுப்பச் சொல்லுங்கள், தபால்தலை வேண்டாம். குறியிட்ட சீட்டு மட்டும் படிவம் 13-பி ஒட்டிய உள் கவருக்குள் போகும். 13-ஏ உறுதிமொழி அந்தக் கவருக்கு வெளியே, 13-சி ஒட்டிய பெரிய கவருக்குள் இருக்க வேண்டும். உறுதிமொழியையும் உள் கவரில் வைத்து ஒட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. எண்ணுகிறவர்கள் முதலில் பார்ப்பது 13-ஏ. அது இல்லையென்றாலோ, அதில் அதிகாரியின் சான்றொப்பம் விடுபட்டிருந்தாலோ, சீட்டின் வரிசை எண் மாறியிருந்தாலோ உள் கவரைப் பிரிக்காமலே நிராகரிப்பார்கள். வெளிக் கவரின் க்யூஆர் கோடு மேல் டேப் ஒட்டக் கூடாது; அதை ஸ்கேன் செய்தாக வேண்டும்.

உங்கள் பெயர்? கணவரோடு குவார்ட்டர்ஸில் வசித்தால்தான் அவருடைய உறுதிமொழியின் பேரில் சேவை வாக்காளர் ஆகலாம். (பெண் அதிகாரியின் கணவருக்கும் இப்போது இந்த உரிமை உண்டு, வயதுவந்த பிள்ளைகளுக்கு இல்லை.) நீங்கள் கிராமத்தில் இருப்பதால் படிவம் 6 கொடுத்துப் பொதுப் பட்டியலில் சேருங்கள்.

படையில் சேருமுன் கணவர் பெயர் ஊர்ப் பட்டியலில் ஏறியிருந்ததா என்றும் பாருங்கள். ஊர்ப் பட்டியல், சேவை வாக்காளர் பட்டியல் இரண்டிலும் இருக்கக் கூடாது. இல்லையென்று பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. பழைய பதிவை நீக்கப் படிவம் 7.

திகார் சிறைக் காவலில் இருக்கும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர் போல வெளிமாநிலத்தில் பணிபுரியும் மாநில ஆயுதப் போலீசார் சேவை வாக்காளராகச் சேரப் படிவம் 2-ஏ. அவர்களுக்குத் தபால் ஓட்டு மட்டுமே, பதிலாள் கிடையாது.