மைக்ரோ சானலில் (மிக நுண்ணிய குழாயில்) நீரிலுள்ள பொருளை எண்ணெய்க்குப் பிரித்தெடுப்பு: கணினி மாதிரி 80% எண்ணெய்க்குப் போகும் என்கிறது, சோதனையில் 50%தான். எதைத் திருத்துவது?

இப்போதைக்கு எதையும் திருத்தாதீர்கள். எண்ணெய்ப் பக்கத்தை மட்டும்தான் அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் 2 மாதம் அதைத்தான் செய்தேன்.

எம்.டெக். புராஜெக்டில் ரோடமின் பி என்ற ரோஸ் நிறச் சாயத்தை நீரிலிருந்து ஆக்டனாலுக்கு (நீரோடு கலக்காத, எண்ணெய் போன்ற கரைப்பான்) இழுத்தேன். பிடிஎம்எஸ் என்ற ரப்பர் மாதிரியான சிலிக்கோனில் வார்த்த சானல். அகலம் 200 மைக்ரான், நீளம் 4 செ.மீ. நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் வீதம் இரண்டு திரவமும் ஓடும். காம்சோல் (கணினி மாதிரி போடும் மென்பொருள்) 80% என்றது. ஆக்டனாலில் கிடைத்தது 51%. மாதிரியில் விரவல் குணகத்தை (சாயம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற எண்) மாற்றினேன், மெஷ்ஷை (கணக்கிடும் கட்டங்களை) நெருக்கினேன், ஒன்றும் நகரவில்லை.

எங்கள் ஐயா பர்மாவில் கடைக்கணக்கு எழுதியவர். வரவும் பற்றும் நேராகாமல் ஏட்டை மூட மாட்டார் என்று அப்பத்தா சொல்லும். ஒரு ராத்திரி அது ஞாபகம் வர, வெளியேறும் நீரில் மிஞ்சிய சாயத்தையும் அளந்தேன்: 22%. கூட்டினால் 73. மீதி 27 எங்கே?

சானலை அரை மணி நேரம் கழுவி, பிளேடால் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஓட்டை காலி. அதைச் சுற்றி சிலிக்கோனுக்குள்ளேயே ரோஸ் நிறம் ஊறியிருந்தது. நீரில் அவ்வளவாக ஒட்டாத சிறு மூலக்கூறுகளை பிடிஎம்எஸ் உறிஞ்சிக்கொள்ளும். மாதிரியிலோ 'சுவர் வழியே பாய்வு பூஜ்யம்' என்று நானே கொடுத்திருந்தேன்! கண்ணாடிச் சானலுக்கு மாறிய பிறகு கூட்டுத்தொகை 97-க்கு வந்தது.

பிடிஎம்எஸ்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். செல் வளர்க்க, நீர்த்துளி உண்டாக்க அருமையான பொருள். கரைப்பான் பிரித்தெடுப்புக்குத்தான் யோசிக்க வேண்டும். டொலுவின் மாதிரிக் கரைப்பான் பட்டால் பிடிஎம்எஸ் உப்பி, சானலின் அளவே மாறிவிடும். அப்புறம், அளவுத்திருத்தக் கோட்டை (கருவி காட்டும் எண்ணைச் சாயத்தின் அளவாக மாற்றும் வரைகோடு) நீருக்குத் தனியாக, ஆக்டனாலுக்குத் தனியாகப் போடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஆராய்ச்சி என்றால் "அங்கே லேப் எல்லாம் இருக்கா?" என்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. பெரிய வீட்டையும் கோழிக் குழம்பையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

சரி, நீர்ப் பக்க எண்ணையும் அளந்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.