ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ சேரலாமா? சேர்றதுக்கு முன்னாடி இத பாருங்க

தங்கச்சி, பிளஸ் டூ காமர்ஸ் முடிச்சிருக்கேன், குடியாத்தத்துல ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ சேரலாமான்னு கேட்டிருந்தீங்க, தயவுசெஞ்சு அவசரப்பட்டு பணம் கட்டிடாதீங்க. எங்க அக்கா இப்படித்தான் ஒரு இடத்துல படிச்சுட்டு வேலூர்ல இன்டர்வியூ போச்சு, லேமினேட் பண்ண சர்டிபிகேட்ட திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ண ரிஜிஸ்டர் நம்பர் எங்கம்மான்னு கேட்டாங்க, அந்த ஒரு வருஷ கோர்ஸுக்கு அது கிடையாது, பஸ்ல வீடு வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்துச்சு. சிஎம்சி மாதிரி பெரிய ஆஸ்பத்திரி இருக்குற ஊரு, நர்ஸ் வேலைக்கு போனா பெரும்பாலும் அத கேப்பாங்க.

முறையான நர்சிங் படிப்புன்னா, ஏஎன்எம் (துணை நர்ஸ், பிரசவம் பாக்குற படிப்பு) 2 வருஷம், காமர்ஸ் படிச்சவங்களும் சேரலாம், ஜிஎன்எம் (பொது நர்சிங் டிப்ளமோ) 3 வருஷம். எதுவானாலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு மொதல்ல பாருங்க, வார்டு ட்ரெய்னிங் எந்த ஆஸ்பத்திரியில, எத்தன பெட்டுன்னு கேளுங்க. இன்னும் ஃபீஸ் கட்டலதான?