போக்கரில் ஒரே வகை ஆட்டத்தில் நிற்பது நல்லதா? அதற்கு பேங்க்ரோல் எவ்வளவு வேண்டும்?

கேஷ் கேம் (சிப்ஸ் நேரடியாகப் பணமாகவே இருக்கும் ஆட்டம்), டோர்னமென்ட், சிட் அண்ட் கோ (ஆள் நிரம்பியதும் தொடங்கும் சின்ன டோர்னமென்ட்), ஒமாஹா (ஆளுக்கு நாலு சீட்டு தரும் வகை) என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஆடுகிறேன், ஒன்றில் மட்டும் நின்றுவிடலாமா, அதற்கென்றே எவ்வளவு பணம் (பேங்க்ரோல்) ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நில்லுங்கள். கேஷ் கேம் என்றால் ஒரு லட்சம் கை (சீட்டு போட்டு ஆடும் ஒரு சுற்று ஒரு கை), டோர்னமென்ட் என்றால் ஆயிரம் ஆட்டம் முடியும்வரை வேறு பக்கம் திரும்பாதீர்கள். ஒரே ஆட்டத்தை ஆடினால் திறமை கூடும் என்பது எல்லோரும் சொல்வது, சரிதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு பேங்க்ரோல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே எண்கள்: உங்கள் வெற்றி விகிதம், அந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கம். இரண்டுமே வகைக்கு வகை மாறும். நாலையும் கலந்து ஆடுபவரிடம் இந்த இரண்டு எண்ணும் இருக்காது. அப்புறம் அவர் '20 பை-இன் (ஒரு ஆட்டத்தில் உட்காரக் கட்டும் தொகை) போதுமா, 50 வேண்டுமா' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம், ஆளுக்கு இரண்டு சீட்டு தரும் அதே ஹோல்டெம்தானே என்று தோன்றும். ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 9 பேர் ஆடும் சிட் அண்ட் கோ. முதல் மூன்று இடங்களுக்கு 50, 30, 20 சதவீதம் பரிசு. நாலு பேர் மிச்சம், நாலு பேரிடமும் சமமான சிப்ஸ். அப்படியென்றால் ஆளுக்குப் பரிசுத்தொகையில் 25 சதவீத மதிப்பு. ஒருவர் ஆல்-இன் போடுகிறார், அதாவது தன் சிப்ஸ் முழுவதையும் வைக்கிறார். கால் செய்து, அதாவது நீங்களும் அவ்வளவு வைத்து, தோற்றால் உங்கள் மதிப்பு பூஜ்யம். ஜெயித்தால் மூன்று பேர் மிஞ்சுவார்கள், சிப்ஸில் பாதி உங்களிடம் இருக்கும். அப்போது முதலிடம் கிடைக்க 2-ல் 1, இரண்டாமிடத்துக்கு 3-ல் 1, மூன்றாமிடத்துக்கு 6-ல் 1 வாய்ப்பு. கூட்டிப் பாருங்கள்: 25, 10, 3.3, மொத்தம் 38.3. சிப்ஸ் இரண்டு மடங்கானாலும் பணம் ஒன்றரை மடங்குதான் ஆகிறது. 25-ஐப் பணயம் வைத்து 38.3-க்கு ஆடுவதால், பிளைண்டுகளை (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) கணக்கில் சேர்க்காவிட்டால், கால் செய்ய 65 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். எதிராளி சீட்டையே பார்க்காமல் ஆல்-இன் போட்டிருக்கிறார் என்று தெரிந்தாலும், வெவ்வேறு பூவில் (ஸ்பேட், ஹார்ட் போன்ற இனத்தில்) இருக்கும் ஏஸ்-கிங்குக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதே 65 சதவீதம்தான். கேஷ் டேபிளில் இதே கால் செய்ய 50 சதவீதமே போதும். பாட்டில், அதாவது நடுவில் சேரும் பந்தயப் பணத்தில், பிளைண்டுகள் கிடப்பதால் அதற்கும் கொஞ்சம் கீழே இறங்கலாம். காலையில் கேஷ், மாலையில் சிட் அண்ட் கோ என்று ஆடுகிறவர் ஒன்றில் சரியாகப் பழகியதை இன்னொன்றில் போய்த் தவறாகச் செய்துகொண்டிருப்பார். கை ஜெயித்துவிட்டால் அது தவறு என்றே தெரியாது.

ஸ்டாக் ஆழமும், அதாவது கையிலிருக்கும் சிப்ஸ் எத்தனை பிளைண்டுக்குச் சமம் என்பதும், அப்படித்தான். கேஷ் கேமில் வழக்கமாக 100 பிக் பிளைண்டோடு (இரண்டு பிளைண்டில் பெரியது; இனி பிளைண்ட் என்று எண்ணுவது இதைத்தான்) உட்காருகிறோம். பணம் போவதும் வருவதும் பெரும்பாலும் டர்னிலும் ரிவரிலும் (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டு விழும்போது). டோர்னமென்டின் பின்பாதியில் 20, 30 பிளைண்டோடு ஓட வேண்டியிருக்கும். 10 பிளைண்டுக்குக் கீழே வந்துவிட்டால் ஆட்டமே ஆல்-இன் அல்லது ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது) என்று சுருங்கிவிடும், அதற்கான சார்ட்டை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஸ்பின் (பரிசுத்தொகை குலுக்கலில் முடிவாகும் குட்டி டோர்னமென்ட்) வகையில் மூன்று பேர், ஆரம்பமே சுமார் 25 பிளைண்ட், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஒமாஹாவில் நாலு சீட்டு, அதில் சரியாக இரண்டைப் பயன்படுத்தியே தீர வேண்டும். ஹோல்டெமில் ஜோடி ஏஸ் எந்தக் கையோ ஒன்றுக்கு எதிராக 85 சதவீதம் ஜெயிக்கும். ஒமாஹாவில் அதே ஜோடி ஏஸ், இரண்டு பூவில் இரண்டிரண்டாக, வரிசை எண்களாக அமைந்த ஒரு நல்ல கைக்கு எதிரே 60 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? 'எதில் அதிகப் பணம்' என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் உங்கள் நேரத்தைப் பாருங்கள். பெரிய டோர்னமென்டில் பதிவு செய்துவிட்டால் இறுதி மேசை வரை 6, 8 மணி நேரம் எழுந்திருக்க முடியாது, அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பணமே இருக்கிறது. தினம் ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் கேஷ் அல்லது சிட் அண்ட் கோ. அடுத்தது ரேக், அதாவது ஆட்டம் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு. பாட்டில் 5 சதவீதம், ஒரு உச்சவரம்போடு என்பது பரவலான ஏற்பாடு. உச்சவரம்பு 3 அலகு என்று வையுங்கள்: பிக் பிளைண்ட் 10 அலகாக இருக்கும் மேசையில் அது பிளைண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, பிளைண்ட் 1 அலகாக இருக்கும் மேசையில் மூன்று முழு பிளைண்ட். அதனால்தான் சின்ன மேசைகளில் சுமாராக ஆடுபவர்கள் எதிராளிகளை ஜெயித்தும் ரேக்கிடம் தோற்கிறார்கள். சிட் அண்ட் கோவில் 10-க்கு 1 கட்டணம் என்றால் நீங்கள் போடும் 11-ல் 9 சதவீதம் ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. மூன்றாவதாக உங்கள் மனசு. மாதக்கணக்கில் கீழே போய், ஒரு நாள் மொத்தமாக மேலே வருவதைத் தாங்க முடியாதவர் டோர்னமென்ட் பக்கம் போகவேண்டாம், எவ்வளவு நன்றாக ஆடினாலும்.

இனி பேங்க்ரோல். 6 பேர் ஆடும் ஹோல்டெம் கேஷ் கேமை எடுத்துக்கொள்கிறேன், கணக்குக்கு அதுதான் சுலபம். வெற்றி விகிதத்தை 100 கைக்கு எத்தனை பிக் பிளைண்ட் என்று சொல்வது வழக்கம். 5 என்றால் நல்ல ஆட்டக்காரர். ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கம் 100 கைக்கு 80 முதல் 100 பிளைண்ட் இருக்கும். 90 என்று வைப்போம். அதாவது எதிர்பார்க்கும் லாபம் 5, ஆட்டும் அலை 90. ஒன்றுமில்லாமல் போகும் ஆபத்தைக் கணக்கிட நன்றாகத் தெரிந்த சூத்திரம் உண்டு: வெற்றி விகிதம், பேங்க்ரோல் இரண்டின் பெருக்கத்தை 2-ஆல் பெருக்கி, திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்து, வரும் எண்ணுக்கு மைனஸ் போட்டு எக்ஸ்பொனென்ஷியல் எடுக்க வேண்டும். கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. 20 பை-இன், அதாவது 2,000 பிளைண்ட் வைத்திருந்தால் ஆபத்து 8.5 சதவீதம். 30 பை-இன் என்றால் 2.5. 40 என்றால் 1 சதவீதத்துக்கும் கீழே.

இப்போது வெற்றி விகிதத்தை மட்டும் பாதியாக்கி 2.5 என்று போடுங்கள். அதே 20 பை-இன்னில் ஆபத்து 29 சதவீதம். 40 வைத்தால்தான் பழைய 8.5-க்கு வருகிறது. விகிதம் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் சூத்திரத்துக்கே வேலையில்லை. எத்தனை பை-இன் வைத்திருந்தாலும் ஒரு நாள் தீரும். தோற்கிற ஆட்டக்காரருக்குப் பேங்க்ரோல் கணக்கு கிடையாது, செலவுக் கணக்குதான் உண்டு. அதில் தப்பில்லை, பொழுதுபோக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டு ஆடலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1956-ல் ஜான் கெல்லி எழுதிய பந்தய விகிதக் கணக்கைப் போட்டாலும் இதே இடத்துக்குத்தான் வருவோம். திட்ட விலக்கத்தின் வர்க்கம் 8,100, அதை 5-ஆல் வகுத்தால் 1,620 பிளைண்ட், சுமார் 16 பை-இன். முழு கெல்லி மயிர்க்கூச்செறிய வைக்கும் ஆட்டம், யாரும் அப்படி ஆடுவதில்லை. பாதி கெல்லி, அதாவது அதில் பாதி அளவே பணயம் வைப்பது, 32 பை-இன். '30 பை-இன் வைத்துக்கொள்' என்று ஆட்டக்காரர்கள் வாய்மொழியாகச் சொல்லிவரும் எண், விகிதம் 5 உள்ளவருக்கு இந்தப் பாதி கெல்லியோடு கிட்டத்தட்டப் பொருந்திப்போகிறது. விகிதம் 2 உள்ளவருக்குப் பொருந்தாது.

உங்கள் விகிதம் 5-ஆ 2-ஆ என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஒரே வகையில் நிற்பது கைகொடுக்கும். 10,000 கை ஆடியபின் உங்கள் கணக்கில் தெரியும் விகிதத்தில் பிழை எல்லை இரு பக்கமும் சுமார் 18 பிளைண்ட். அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது; உண்மையில் 5 விகிதம் உள்ளவரே 10,000 கையில் நஷ்டத்தில் நிற்க 29 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரு லட்சம் கையில் பிழை எல்லை 6-க்குக் கொஞ்சம் கீழே வரும். அப்போதும் கணக்கில் 5 என்று காட்டினால் உண்மை பூஜ்யத்துக்கும் 10-க்கும் நடுவில் எங்கோ என்றுதான் பொருள். நாலு டேபிளில் மணிக்கு 300 கை என்றால் ஒரு லட்சத்துக்கு 330 மணி நேரம் ஆகும். நேரில் உட்கார்ந்து மணிக்கு 30 கை ஆடுபவருக்கு அது 3,300 மணி நேரம். அதை நாலு வகைக்குப் பங்கு போட்டால் எந்த வகையிலும் எதுவும் தெரியாமல் வருஷம் ஓடிவிடும்.

மற்ற வகைகளுக்குச் சுருக்கமாக. பாட்-லிமிட் ஒமாஹாவில் (பாட்டின் அளவுக்கு மேல் பந்தயம் கட்ட முடியாத ஒமாஹா) திட்ட விலக்கம் 140 வரை சாதாரணமாகப் போகும். விகிதம் 5 இருந்தாலும் ஆபத்தை 5 சதவீதத்தில் நிறுத்த 59 பை-இன் தேவை, ஹோல்டெமில் அதே ஆபத்துக்கு 24 போதும். சிட் அண்ட் கோவுக்கு 50 முதல் 100. ஸ்பின்னுக்கு 100-க்குக் குறையாமல், ஏனென்றால் பெரும்பாலும் விழுவது இரண்டு மடங்குப் பரிசுதான், கணக்கில் சேரும் பெரிய பெருக்கல் எப்போதோதான் வரும். ஆயிரம் பேர் சேரும் டோர்னமென்டுகளுக்கு 200-ஐத் தாண்டியே யோசியுங்கள். 15 சதவீத டோர்னமென்டுகளில் பரிசு வாங்குபவர்கூட அடுத்தடுத்து 20 டோர்னமென்டில் வெறுங்கையோடு வர 4 சதவீத வாய்ப்பு உண்டு. ஆயிரம் ஆட்டத்தில் அது பலமுறை நடக்கும். டோர்னமென்டில் பை-இன் என்பதைச் சராசரி எடுத்துச் சொல்ல வேண்டும்; ரீ-என்ட்ரி (வெளியேறியபின் மறுபடி பணம் கட்டி நுழைவது) போட்டதையும் சேர்த்து. '5-க்குத்தான் ஆடுகிறேன்' என்பவர் ஞாயிற்றுக்கிழமை 50-க்கு இரண்டு தடவை நுழைந்திருப்பார்.

மேலே ஏறுவதற்கு ஷாட் முறை நல்லது. இப்போதைய மேசையில் பை-இன் 10 அலகு, அடுத்தது 25 என்று வையுங்கள். 300 அலகு உங்கள் தளம். 375 ஆனதும் அந்த 75-ஐ, அதாவது மேல் மேசையின் 3 பை-இன்னை, எடுத்துக்கொண்டு போங்கள். மேலே ஒரே ஒரு டேபிள், அதுவும் பலவீனமான ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கும்போது. மூன்றும் போனால் அன்றைக்கே கீழே வந்து 300-இலிருந்து தொடருங்கள். இந்த முறையில் கஷ்டமான பகுதி இறங்குவது. நான் மேலே சொன்ன ஆபத்துக் கணக்கெல்லாம் இறங்காமல் ஒரே மேசையில் ஆடுபவருக்கானது. ஒழுங்காக இறங்குகிற, உண்மையில் ஜெயிக்கிற ஆட்டக்காரர் காலியாவது அரிது. காலியாகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் கதை ஒன்றுதான்: 25 மேசையில் விட்டதை 50 மேசையில் பிடிக்கப் போனது.

ஒரு நாளைக்கு 3 பை-இன் நஷ்டம் என்றால் எழுந்துவிடுவது என்ற விதியைப் பலர் வைத்திருப்பார்கள். கணிதப்படி அது ஒன்றும் மாற்றாது, நாளைக்கு வரும் சீட்டுக்கு இன்றைய நஷ்டம் தெரியாது. டில்டில், அதாவது நிதானம் இழந்து, ஆடும் நேரத்தைக் குறைக்கிறது என்பதற்காக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். டேபிள் நன்றாக இருந்து, தலையும் தெளிவாக இருந்தால் உட்காருவதில் தவறில்லை. தலை தெளிவாக இருக்கிறது என்று நினைப்பவர்களில் பாதிப்பேர் தப்பாக நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பணத்தை வைக்கும் விதத்திலும் சில இடங்களில் ஓட்டை விழும். வாடகை, கடன் தவணை, வீட்டுச் செலவு இருக்கும் கணக்கிலிருந்து பேங்க்ரோல் முற்றிலும் தனியாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய பணம் பேங்க்ரோலே ஆகாது. 30 பை-இன் இருக்கும்போது 10-ஐ வெளியே எடுத்துவிட்டு அதே மேசையில் ஆடினால், விகிதம் 5 உள்ளவருக்கு ஆபத்து 2.5-இலிருந்து 8.5-க்குத் தாவுகிறது. எடுக்க வேண்டுமென்றால் தளத்துக்கு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள், அல்லது எடுத்த அன்றே ஒரு படி இறங்குங்கள். ரேக்பேக் (கட்டிய ரேக்கில் திரும்பக் கிடைக்கும் பங்கு), போனஸ் இவற்றை வெற்றி விகிதத்தோடு கலக்காமல் தனி வரியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் தோற்கும் ஆட்டம் ஜெயிப்பதுபோல் தெரியும். பணம் வைத்து ஆடுவதை உங்கள் இடத்துச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை இதற்கெல்லாம் முன்பே பார்த்துவிடுங்கள்.

பதிவேட்டில் தேதி, ஆட்ட வகை, மேசை அளவு, கைகள், பிளைண்டில் லாப நஷ்டம், எழுந்ததற்கான காரணம் இவ்வளவு போதும். கடைசிக் கட்டம்தான் மூன்று மாதம் கழித்து அதிகம் சொல்லித் தரும். 'டேபிள் கலைந்தது', 'தூக்கம்' என்று எழுதிய நாட்களையும் 'கோபம்' என்று எழுதிய நாட்களையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

வகையை மாற்றுவது எப்போது? ஒரு லட்சம் கைக்குப் பிறகும் ரேக் போக நஷ்டம், வாரத்துக்குச் சில மணி நேரம் படித்தும் மாறவில்லை என்றால் முதலில் ஒரு மேசை இறங்குங்கள். அங்கேயும் அதேதான் என்றால் வகையை மாற்றலாம். நீங்கள் ஆடும் நேரத்தில் அந்த வகையில் டேபிளே நிரம்புவதில்லை என்றாலும் மாற்றலாம். மாற்றும்போது பழைய வெற்றி விகிதத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புது வகையில் மிகச்சிறிய மேசையில், அந்த வகைக்குரிய பை-இன் எண்ணிக்கையோடு பூஜ்யத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.