சமூக அறிவியலில் துறையிடை ஆய்வு: நீங்கள் கேட்டவை

கேள்வி: பொருளாதாரம், உளவியல், சமூகவியல் எல்லாம் தனித்தனித் துறைகளானது எப்போது?

பதில்: ரொம்பப் பழைய கதை இல்லை. பொருளாதாரத்தின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித், பதினெட்டாம் நூற்றாண்டில் கிளாஸ்கோவில் ஒழுக்கத் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். பொருளாதாரம் அப்போது அதற்குள் அடக்கம். அமெரிக்காவில் பொருளாதாரச் சங்கம் 1885-ல் பிறந்தது, உளவியல் சங்கம் 1892-ல், அரசியல் அறிவியலுக்கு 1903-ல், சமூகவியலுக்கு 1905-ல். இருபதே ஆண்டுகளில் வேலி போட்டுவிட்டார்கள்.

கேள்வி: அந்த வேலியைத் தாண்டி, துறைகளைக் கலந்து ஆய்வு செய்ய முதலில் முயன்றது யார்?

பதில்: பலர். அமைப்பாகச் செய்தவர்களில் சிகாகோவின் அரசியல் அறிஞர் சார்ல்ஸ் மெரியம் முக்கியமானவர். அவர் முன்னின்று 1923-ல், பல துறையினரையும் ஒன்றுசேர்க்கும் சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தைத் தொடங்கினார். ராக்பெல்லர் குடும்ப அறக்கட்டளையின் பணம் அதற்குக் கை கொடுத்தது.

கேள்வி: ஒரே ஒரு ஆய்வைப் படிக்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: யோசிக்காமல் சொல்வேன், மரியன்தால். வியன்னாவுக்கு அருகே ஒரு ஆலைக் கிராமம். நெசவாலை மூடியதும் ஊரே வேலையிழந்தது. உளவியல் படித்த மரி யஹோதா, கணிதத்திலிருந்து உளவியலுக்கு வந்த பால் லசார்ஸ்ஃபெல்ட், சட்டம் படித்த ஹான்ஸ் சைசெல் ஆகியோரின் குழு 1930-களின் தொடக்கத்தில் அங்கே போனது. ஜன்னலோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை காத்திருந்தது, விரைந்து போனார்கள். நூலகக் கட்டணத்தை ரத்து செய்த பிறகும் புத்தகம் எடுப்போர் குறைந்தார்கள். கையில் நேரம் இருந்தது, அதைச் செலவிடும் மனம் போய்விட்டது. வருமானக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. 1933-ல் நூலாக வந்தது. அந்த நடை வேகப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

கேள்வி: ஹார்வர்டில் துறைகளையே இணைத்தார்களே, அது ஏன் நிலைக்கவில்லை?

பதில்: சமூக உறவுகள் துறையைச் சொல்கிறீர்கள். சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் தலைமையில் 1946-ல் தொடங்கி, 1972-ல் முடிந்தது. சமூகவியல், மானுடவியல், உளவியலின் சில பிரிவுகள் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆனால் வெளியே வேலையும் இதழ்களும் பழைய துறைவாரியாகவே இருந்தன. என் கணிப்பில் இன்னொன்றும் உண்டு: வேலையிழப்பு மனிதர்களை என்ன செய்கிறது என்ற மரியன்தால் கேள்வி மாதிரி, அவர்களை இழுத்துப் பிடிக்க ஒற்றைக் கேள்வி இல்லை.

கேள்வி: பல்துறை, துறையிடை, இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. ஒரே கிராமத்தைப் பற்றி உளவியலாளர் ஓர் அத்தியாயம், பொருளாதார நிபுணர் ஓர் அத்தியாயம் என்று எழுதினால் அது பல்துறை. அந்த ஜன்னலில் கடிகாரம் பிடித்தவர் எந்தத் துறைக்காரர் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறதே, அதுதான் துறையிடை.