கேள்வி – பதில்: லரோச்சாவின் ‘இபேரியா’வும் உங்கள் இசைத்தட்டும்

கேள்வி: ஸ்பானிய பியானோ கலைஞர் அலிசியா டி லரோச்சா வாசித்த ‘இபேரியா’ பழைய இசைத்தட்டு, டெக்கா நிறுவன வெளியீடு, பெட்டாலிங் ஜெயாவில் கிடைத்தது. அவர் இதைப் பலமுறை பதிவு செய்திருக்கிறாராமே! என்னிடம் இருப்பது எது? எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸ் எழுதிய ‘இபேரியா’வின் பன்னிரண்டு பியானோ பகுதிகளையும் டெக்காவுக்காக அவர் இருமுறை வாசித்தார். 1970-களின் தொடக்கத்தில் வந்தது அனலாக் பதிவு. 1986-இல் செய்தது டிஜிட்டல். ஸ்பெயினில் ஹிஸ்பாவோக்ஸ் நிறுவனத்துக்கு வாசித்தது இவற்றுக்கும் முந்தியது. அட்டையில் ‘டிஜிட்டல்’ என்று இருந்தால் உங்களுடையது பிந்திய பதிவு. டெக்கா பதிவுகள் இரண்டுக்குமே கிராமி விருது கிடைத்தது, 1975-இலும் 1989-இலும். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எங்கள் தேர்வு 1970-களின் பதிவுதான். பிந்தியதில் ஒலி செழிப்பாக இருக்கிறது, நடையும் நிதானம். ஆனால் தாளத்தின் துடிப்பு முந்தியதில்தான் கூர்மை.

‘எல் அல்பைசின்’ பகுதியிலிருந்து தொடங்குங்கள். கிரானடா நகரின் பழைய குடியிருப்பு ஒன்றின் பெயர் அது. தொடக்கத்தில் இரு கைகளும் மாறி மாறிச் சன்னமாகத் தட்டுவது கிதார் நரம்பைச் சுண்டும் ஓசை. இங்கே சுரத்தை நீட்டும் பெடலைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தாலும் கிதார் மறைந்து வெறும் முழக்கம் மிஞ்சும். லரோச்சா அதை உலர்வாக வைத்திருக்கிறார். இரண்டு தட்டலுக்கு நடுவே உள்ள மௌனம்கூட அளவு மாறுவதில்லை. பிறகு பாட்டு வருகிறது. இரு கைகளிலும் ஒரே மெட்டு, ஸ்தாயி தள்ளி. இந்த இடத்தில் காலத்தை இழுக்கிறார், விடுகிறார், ஒரு பாடகி மூச்செடுக்கும் அளவுக்கு நிறுத்துகிறார். கிதார் திரும்பியதும் பழைய காலப்பிரமாணம் அப்படியே வந்து உட்காருகிறது. அவருடைய வாசிப்பின் மேன்மை இதில்தான் என்போம்: பாட்டில் எவ்வளவு சுதந்திரம் எடுத்தாலும் ஆட்டத்தின் கணக்கு அவர் கையை விட்டுப் போவதே இல்லை.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இன்னொரு வழியும் உண்டு. தென் ஸ்பெயினின் ஆண்டலூசிய மெட்டுகள் பலவற்றுக்கு அடிப்படையான சுர வரிசை ச ரி1 க2 ம1 ப த1 நி2, அதாவது நம் தோடி. காந்தாரம் மட்டும் அந்தர காந்தாரமானால் வகுளாபரணம். கமகம் முற்றிலும் வேறு என்றாலும் சுரங்கள் இவைதான். அல்பெனிஸ் இரண்டுக்கும் நடுவே போய் வருவார். வரி முடிவில் சுத்த ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கும் இடங்களில் லரோச்சா அந்த ரிஷபத்தில் ஒரு கணம் சாய்ந்து நிற்பதைக் கேளுங்கள்.

அடுத்து ‘ரொண்டேன்யா’ பகுதியைத் தொடையில் தாளம் போட்டபடி கேளுங்கள். ஆறு எண்ணிக்கை ஒரு முறை 3+3, அடுத்த முறை 2+2+2. அழுத்தம் இடம் மாறாவிட்டால் அந்த ஆட்டமே இல்லை.

கேள்வி: என் மகளின் கை சிறியது. ஸ்பானிய பியானோ இசையில் வரும் அகலமான கார்டுகள் (ஒன்றாக வாசிக்கும் பல சுரங்கள்) எட்டவில்லை. லரோச்சாவும் உயரம் குறைந்தவர் என்கிறார்களே, எப்படிச் சமாளித்தார்?
– வாசகி, கிள்ளான்

பதில்: ஐந்தடிக்கும் குறைவான உயரம்தான். ஆனால் சிறு வயதிலிருந்தே பயிற்சி செய்து கையை விரியப் பழக்கியவர். அதைப் பார்த்து உங்கள் மகள் விரல்களை இழுத்து நீட்ட வேண்டாம், மணிக்கட்டில் வலி வந்துவிடும்.

முதலில் கார்டின் நடுச் சுரங்களில் எதை மற்றக் கை வாங்கிக்கொள்ள முடியும் என்று பார்த்து நோட்டில் பென்சிலால் குறிக்கட்டும். அப்படியும் எட்டாததை உடைத்து வாசிக்கலாம். அடிச் சுரம் தாளத் தட்டுக்குச் சற்று முன்னால், மேல் சுரம் சரியாக அந்தத் தட்டின் மேல். பெடலை அடிச் சுரத்தின்போதே பிடிக்க வேண்டும். விரலை எடுத்த பிறகு மிதித்தால் அடித்தளம் காணாமல் போகும், முன்கூட்டி மிதித்தால் முந்தைய கார்டு கலங்கி உள்ளே வரும். பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுவது விரலால் அல்ல, இந்தப் பாதத்தால்தான். லரோச்சாவின் குரு ஃபிராங்க் மார்ஷல், இசையமைப்பாளர் கிரானடோஸிடம் பயின்றவர். அந்தப் பார்சலோனா பள்ளியில் பெடல் தனிப் பாடமாகவே மதிக்கப்பட்டது.

கேள்வி: அல்பெனிஸின் ‘அஸ்தூரியாஸ்’ நோட்டில் ஜி மைனர். என் இசைத்தட்டில் பியானோவே ஈ மைனரில் கேட்கிறது. கிதாருக்காக மாற்றியதா? பிளேயர் ஜப்பானிலிருந்து வந்த பழையது, டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கிறேன்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கிதார் கலைஞர்கள் ஈ மைனரில் வாசிப்பது உண்மை, ஆனால் அல்பெனிஸ் எழுதியது பியானோவுக்கு, ஜி மைனரில். கோளாறு பிளேயரில் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் 240 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அலைவெண்ணை, மாற்றாது. ஜப்பானின் மேற்குப் பகுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. பழைய சிங்க்ரோனஸ் மோட்டார் ஹெர்ட்ஸைப் பின்பற்றியே சுழலும். 60-க்கு அமைத்த பிளேயர் இங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் சுமார் 27.8 சுற்றுத்தான் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேலாக இறங்கும். ஜி கிட்டத்தட்ட ஈ ஆகிவிடும். நடையும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்துபோகும். இந்த நிலையில் எந்தக் கலைஞரின் வாசிப்பையும் எடைபோட வேண்டாம்.

பிளேயரின் சுழலும் தட்டைத் தூக்கிவிட்டு உள்ளே பாருங்கள். சில மாடல்களில் 50/60 சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் மோட்டார் தண்டில் உள்ள புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கு உரிய பெரிய விட்டத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் உங்கள் பியானோவின் ஜி சுரத்தோடு ஒப்பிடுங்கள். சுருதி சரியான பிறகும் நீண்ட சுரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை ஏறி இறங்கினால், இசைத்தட்டின் நடுத்துளை மையம் விலகியிருக்கிறது என்று பொருள். ஊசி நகரும்போது அதைத் தாங்கும் டோன் ஆர்ம் இடவலமாக அசைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிப்பட்ட இசைத்தட்டைக் கடையில் மாற்றிக் கேளுங்கள்.