பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. மகளின் நீச்சலை நிறுத்திவிடலாமா?

மகள் நன்றாக நீந்துகிறாள், ஆனால் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த ஆரத்தி சாஹா போன்றவர்கள் படிப்பை என்ன செய்தார்கள் என்று கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் "போதும்" என்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன், தவறானால் பொறுத்தருளவும்.

ஆரத்தி படித்தார். கல்கத்தா சிட்டி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார், ரயில்வேயில் வேலையும் பார்த்தார். இரண்டரை வயதில் தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்த அவரை, நான்கு வயதில் வீட்டுப் பெரியவர் ஒருவர் குளிப்பதற்காகக் கங்கையின் சம்பாதலா படித்துறைக்கு அழைத்துச் செல்ல, குழந்தை அங்கேயே நீச்சல் கற்றுக்கொண்டது. பிறகு ஹாட்கோலா நீச்சல் கழகம், சச்சின் நாக்கின் பயிற்சி. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் இறங்கியபோது அவருக்கு வயது 11.

அந்த வயதில்தான் எனக்கும் நீச்சல் கைவந்திருந்தது. பாபநாசத்துக்கு அருகில் குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், இரண்டு வாழைமரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் படுக்க வைத்து, முதுகில் ஒரு விரலை மட்டும் ஊன்றிக்கொண்டு கூடவே நடப்பார். அந்த விரல் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. எதிர்ப் படித்துறையை நேராகக் குறிவைத்து நீந்தினால் ஆறு நம்மை வெகு கீழே கொண்டுபோய்த் தள்ளிவிடும். மேற்கே இருந்த புளியமரத்தைப் பார்த்து நீந்தினால்தான் படித்துறையில் ஏறலாம் என்பது அவர் தந்த பாடம். ஆங்கிலக் கால்வாயின் குறுகிய இடம் ஏறத்தாழ 21 மைல்தான். ஆனால் ஆரத்தி 42 மைல் நீந்தியதாகப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அங்கே ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் நீரோட்டம், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கொரு முறை திசை மாறி நீந்துபவரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பன்னிரண்டு வயதில், நான் பெரியவளான பதினாறாம் நாள், "வயசுக்கு வந்த பொண்ணுக்கு ஆத்துல என்ன வேலை?" என்றார் பாட்டி. மாமா வாய் திறக்கவில்லை. படிப்பு கெடும் என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். அந்த அக்கறையின் பலனாகப் பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்கியது 41. மாலை நேரங்களில் திண்ணையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஆண்பிள்ளைகள் மதகிலிருந்து குதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை.

அது அந்தக் காலம் என்று சிலர் எழுதக்கூடும். ஆரத்தியின் காலம் அதற்கும் முந்தையது. ஆண்டு முழுவதும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்க்கும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. என் பேத்தியின் பள்ளியும் அப்படித்தான்.

அதற்காக ஆற்றில் இறக்குங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று இப்போது கரையில் பிறந்தவர்களுக்கே தெரிவதில்லை. பயிற்சியாளர் நிற்கும் குளம் போதும். ஆரத்தியும் 1959 ஏப்ரலில் கல்கத்தா தேசபந்து பூங்காக் குளத்தில் எட்டு மணி நேரம் இடைவிடாமல் நீந்தித்தான் கால்வாய்க்குத் தயாரானார். அந்த ஆகஸ்ட் 27ஆம் தேதி வழிகாட்டிப் படகு தாமதமாக வந்ததால் சாதகமான ஓதம் தவறிப்போய், கரைக்கு ஐந்து மைலுக்குள் வந்தும் கைவிட நேர்ந்தது. செப்டம்பர் 29 அன்று பிரான்சின் கிரி நே முனையிலிருந்து மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் இங்கிலாந்தின் சாண்ட்கேட்டில் கரையேறினார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். 19 வயது நிறைந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீ கிடைத்தது.

தேர்வு நெருங்கும் மாதங்களில் காலைப் பயிற்சியை முக்கால் மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், மாலையைப் படிப்புக்கு விடுங்கள். குறைப்பது பற்றி முதலில் உங்கள் மகளிடமே கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.